கூத்தும் திரையும்

திரை என்னும் தமிழ்ச்சொல் பல பொருள் உடையது. கடலின் அலை திரை எனப்படும். முதியோர் உடம்பிற் காணும் தோற்சுருக்கமும் திரையே. மறைத்துக் கட்டும் துணிக்கும் அதுவே பெயர். பிற்காலத்தில் நிழற்படம் விழும் வெண்துணியும், அதன் பின்னர்க் கைப்பேசியில் ஒளிரும் கண்ணாடியும் அப்பெயரையே பெற்றன. செங்கற்பட்டு நாட்டுக் கூத்துக் கலை இத்திரைகள் பலவற்றோடும் தொடர்புடையதாய் வளர்ந்துள்ளது.

செங்கற்பட்டு நகரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். பல்லவர் காலத்துக் கற்றளிகளால் புகழ் பெற்ற இவ்வூரின் சின்னங்கள் 1984-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டன. ஊரின் நடுவே ஏறத்தாழ நூறு அடி நீளமும் நாற்பது அடி உயரமும் உடைய பாறைப் பரப்பு முழுவதும் சிற்பமாக அமைந்திருக்கின்றது. ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, விலாவெலும்பு தெரிய உடல் மெலிந்து தவம் புரியும் ஒருவனை அதிற் காணலாம். அவன் பாசுபதம் வேண்டி நின்ற அருச்சுனன் என்பர் ஒருசாரார். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். பாறையின் பிளவையும் அதில் நீந்துவார் போலத் தோன்றும் நாகர்களையும் காணின், பின்னவர் கூற்றும் தள்ளத்தக்கதன்று. ஊர்மக்களோ இவ்வழக்கைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் நாவில் அஃது அருச்சுனன் தபசே.

அவர்கள் அங்ஙனம் கூறுவதில் வியப்பில்லை. அருச்சுனன் தவம் செய்வதை அவர்கள் ஆண்டுதோறும் நேரிற் கண்டு வருகின்றனர். அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் பங்குனி முதல் ஆனி வரையில், செங்கற்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு ஆகிய பகுதிகளின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறும். பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்லுவர். இரவிற் கூத்து ஆடுவர். அருச்சுனன் தபசுக் கூத்தன்று, நெடிய மரம் ஒன்றை நட்டு, படிகள் பொருத்தி, உச்சியிற் பரண் கட்டுவர். அதற்குத் தபசு மரம் என்று பெயர். வேடம் புனைந்த கூத்தர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே சென்றதும் பூவும் திருநீறும் எலுமிச்சம்பழமும் கீழே எறிவார். பிள்ளைப்பேறு வேண்டி நோன்பிருந்த பெண்கள், ஈரப் புடவையுடன் மடியேந்திக் காத்து நிற்பர். மடியில் விழுந்த பழம் இறைவன் தந்ததாகவே அவர்களுக்குத் தோன்றும். அப்பொழுது மரத்தின்மேல் நிற்பவர் அடுத்த ஊர்க் கூத்தர் அல்லர்; அருச்சுனனே ஆவார்.

பாறைச் சிற்பத்துக்கும் இக்கூத்துக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தூக்கித் தவக்கோலத்தில் நிற்கின்றது. அதன் காலடியில் எலிகள் அஞ்சாமல் இருக்கின்றன! பெருந்தவத்தின் அருகிலேயே போலித்தவத்தை வைத்து நகையாடினான் பல்லவச் சிற்பி. கூத்திலும் அரசர்க்கு அருகிலேயே கட்டியங்காரன் நிற்பான். வீரமும் அவலமும் மிகும் இடத்தில், ஊர்ச் செய்தி ஒன்றைக் கூறி அவையைச் சிரிக்க வைப்பான். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட கல்லும் நேற்றிரவு ஆடிய கூத்தும் ஒரே மனப்பாங்கில் எழுந்தவை போலும்.

கூத்தர் களத்திற்கு வரும் முறை காணத்தக்கது. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து கூத்தர் தம்மை அறிவித்துப் பாடுவார். மரத்தாற் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும் புயக்கட்டைகளும் திரைக்கு மேலே மின்னும், சலங்கை ஒலிக்கும், முகவீணை உச்சத்திற் பேசும். குழந்தைகள் உறக்கம் கலைந்து எழுந்து அமர்வர். நெடுநேரம் ஆவலை வளர்த்த பின்னரே திரை விலகும். மறைப்பதற்காக அன்றி, காண்பதன் சுவையை மிகுவிப்பதற்காகவே அத்திரை அமைந்தது.

இக்கலைஞரின் பிழைப்பு எளிதன்று. ஊரார் தலைக்கட்டு வரி திரட்டி, வெற்றிலை பாக்குடன் முன்பணம் தந்து குழுவை அழைப்பர். விடிய விடிய ஆடிய பின் கிடைக்கும் தொகையைப் பத்துப் பன்னிருவர் பங்கிட்டுக் கொள்வர். அவையோர் தரும் சிறு அன்பளிப்பும் உண்டு. தந்தவர் பெயரைக் களத்திலேயே உரக்கச் சொல்லி வாழ்த்துவர். கூத்து நிகழும் சில மாத வருவாயே பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுமைக்கும் துணை. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை நூல்களை மாணவர் அறிவர். அவற்றுள் சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அந்நாடு இம்மாவட்டத்தின் தென்பகுதியில் இன்றும் அப்பெயருடனேயே உள்ளது. கலைஞரின் வறுமை அப்பக்கத்தாருக்குப் பழைய செய்திதான்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், கொரோனா நோய்த்தொற்றைத் தடுக்கும் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. அது பங்குனி மாதம். கூத்துப் பருவத்தின் வாயில். கோயில்கள் மூடப்பட்டன, திருவிழாக்கள் நின்றன. முடிகளும் புயக்கட்டைகளும் பெட்டியிலேயே கிடந்தன. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தில் பதிந்திருந்தோர்க்கு அரசு உதவித்தொகை வழங்கியது. பதியாதிருந்தோர்க்கு அதுவும் இல்லை. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் நோய் மீண்டும் பெருகவே, திருவிழாக்கள் மறுபடியும் தடைப்பட்டன.

அக்காலத்திற்றான் கண்ணாடித் திரை பெருந்துணையாக வந்தது. சென்னை மியூசிக் அகாதெமி 2020-ஆம் ஆண்டின் மார்கழி இசைவிழாவை இணைய வழியே நடத்தியது. சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் அவ்வாண்டுத் தீமிதி மிகச் சிலருடன் நடைபெற, ஏனையோர் தத்தம் இல்லங்களிலிருந்தே கண்டு வணங்கினர். கூத்தரும் ஆடலையும் பாடலையும் பதிவு செய்து இணையத்தில் இட்டனர். கடல் கடந்து வாழும் தமிழர், தம் பாட்டனார் ஊரிற் கேட்ட முகவீணையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்க் கேட்டனர். இந்நன்மையைச் சிறிதென்று ஒதுக்குதல் நேர்மையன்று. 1938-இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியபோதும், முகம் காணாத பாட்டு பாட்டாகுமா என்று ஐயுற்றோர் இருந்திருப்பர். ஆயினும், இசையரங்கின் வாயிலையே காணாத எளியோர் பலர் பேரிசைவாணரின் குரலைக் கேட்டது வானொலியால் அன்றோ?

எனினும், கருவிக்கு இயல்பான சில குறைகள் உண்டு. பாடகர் ஓரூரிலும் மத்தளக்காரர் வேறூரிலும் இருந்து இணையத்தின் வழியே ஒருங்கு வாசிக்க முற்பட்டால் தாளம் ஒட்டாது. ஒருவர் எழுப்பிய ஒலி மற்றவரை அடையும்பொழுது நொடியின் ஒரு சிறு பகுதி கழிந்துவிடும். பேச்சுக்கு அத்தாழ்வு தடையன்று; தாளத்திற்கோ அதுவே கேடு. ஆதலின் ஒருவர் பாடிப் பதிந்ததைக் கேட்டு மற்றவர் தனியே வாசித்துப் பதிவர். பின்பு இரண்டையும் இணைப்பர். கேட்பதற்கு அது செம்மையாகவே இருக்கும். ஆனால் பாடுவோர் மத்தளக்காரரின் முகம் பார்த்து அவ்வேளையிலேயே ஓர் அடவை மாற்றும் உரிமை அதில் இல்லை. கூத்தோ அத்தகைய மாற்றங்களாலேயே உயிர் பெறுவது. அவை சோர்ந்தால் கட்டியங்காரன் பேச்சை நீட்டுவான். வானம் வெளுத்தால் பாட்டைச் சுருக்குவர். எட்டு மணிநேரக் கூத்தைக் கையகலக் கண்ணாடியில் இறுதிவரை காண்பார் எத்தனை பேர்?

எல்லாவற்றிற்கும் மேலாக, தபசு மரத்திலிருந்து எறியும் எலுமிச்சம்பழம் திரையைக் கடந்து மடியில் விழாது.

நேரிற் காணும் விழாக்களும் எல்லாம் ஒருதன்மையன அல்ல. மாமல்லபுரத்தில் மார்கழி, தை மாதங்களில் அரசின் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகின்றது. சில காலம் தபசுப் பாறையின் எதிரிலும், சில காலம் கடற்கரைக் கோயிலின் அருகிலும் மேடை அமைந்ததுண்டு. பரதம், கதகளி, ஒடிசி முதலாய பல நாட்டு நடனங்களை அங்குக் கட்டணமின்றிக் காணலாம். சிற்பம் ஒளியில் மிளிர, அதன் முன் ஆடுவோரைக் காணுதல் இனிதே. ஆயினும் ஒரு கருத்தை இங்கே மறைத்தல் ஆகாது. அங்கே பாறை காட்சிக்குப் பின்னணி, அவ்வளவே. மாவட்டத்துச் சிற்றூரில் நடும் தபசு மரம் பின்னணியன்று. கூத்தே அதன்மேல்தான் ஏறி நிற்கின்றது. வடக்கே கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மீண்டும் நிறுவி, நாட்டுப்புறக் கலைஞர்க்கும் இடம் தருகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்து 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆடவரே பெண்வேடமும் புனைந்துவந்த இக்கலையைத் தன் குருகுலத்திற் சிறுமியர்க்கும் பயிற்றியது. பாஞ்சாலியின் சபதத்தை ஒரு பெண்ணே பாடக் கேட்டபொழுது, பழைய வசனத்திற்குப் புதிய கூர்மை பிறந்தது.

மேடையும் கட்டணமும் அழைப்பிதழும் இல்லாத விழா ஒன்று மாமல்லைக் கடற்கரையிலேயே நிகழ்கின்றது. மாசிமகத்து முழுநிலா நாளில் இருளர் குடிமக்கள் பல ஊர்களிலிருந்தும் அங்கே கூடுவர். அவர்தம் தெய்வம் கன்னியம்மன். அவள் சினந்து கடலுக்குட் சென்றுவிட்டாள் என்றும், தாங்கள் சென்று அழைத்தால் வருவாள் என்றும் அவர்கள் நம்புகின்றனர். புடவைகளையும் கோல்களையும் கொண்டு மணலிற் கூடாரம் அமைப்பர். இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும் நிகழும். விடியற்காலையில் அலையோரத்தில் ஈரமணலைக் கூட்டிப் படிகள் சமைத்து, பூவும் பொரியும் தேங்காயும் படைத்துத் தெய்வத்தை அழைப்பர். அருள் வந்தவர் குறி சொல்வார். காதணி விழா, முடியிறக்கல், திருமணம் ஆகியனவும் அம்மணலிலேயே நிறைவேறும்.

பல்லவர் கல்லிற் கட்டிய கோயிலிலிருந்து சிறு தொலைவில், அவர்கள் மணலிற் கோயில் சமைக்கின்றனர். அருகே நின்று கைப்பேசியிற் படம்பிடிப்போர் இக்காலத்திற் பலர். இருளர் இளைஞரும் பிடிக்கின்றனர். அப்படத்தில் மணற்படிகள் நெடுநாள் நிற்கும். கடலோரத்திலோ வெயில் ஏறுமுன் ஒரு திரை வந்து முதற்படியைக் கரைக்கும். அடுத்த திரை பூக்களை எடுத்துச் செல்லும். பெண்கள் கூடாரப் புடவைகளை அவிழ்த்து, மணலை உதறி மடித்து, குழந்தைகளை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடப்பர்.