வந்தவர் எத்தனை, போன வேலை எத்தனை?

வெளியூர்த் தொழிலாளர் வருகையைப் பற்றிய அரசியல் வாதம் எங்கும் மூன்று கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது: வந்தவர் எத்தனை பேர், அவர்களால் உள்ளூரார் இழந்த வேலை எத்தனை, இவற்றுக்கு அரசு தரும் கணக்கை நம்பலாமா. கொற்கை–தூத்துக்குடிக் கரை இந்த வாதத்தை இரு பக்கமும் நின்று கண்டது. இங்கிருந்து கப்பலேறிய கூலிகளைப் பற்றி இலங்கை பல பத்தாண்டுகள் சண்டையிட்டது. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருவோரைப் பற்றித் தமிழ்நாட்டில் அதே பேச்சு கேட்கிறது.

நம்பிக்கை: வேலைக்காக வெளியாட்கள் வருவது இந்தக் கரைக்குப் புதிது

கொற்கையைப் பற்றிய மிகப் பழைய வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒன்றே வேலையாட்களைப் பற்றியதுதான். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டியரின் இந்தத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகச் சொல்கிறது. தாமிரபரணி கொட்டிய வண்டலால் கடல் விலக, கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. வாணிகம் காயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. கடலடிப் பாரில் முத்துச்சிப்பி முதிர்ந்ததாக அறிவிப்பு வந்த ஆண்டுகளில் கீழக்கரையிலிருந்தும் மன்னார் வளைகுடாவின் மறுகரையிலிருந்தும் குளியாட்களும் வியாபாரிகளும் திரண்டு வருவார்கள். சில வாரங்களுக்கு மணலில் ஓர் ஊரே எழும்பும். 1955இல் தொடங்கி 1961இல் முடிந்த முத்துக்குளிப்புதான் தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது. வருவதும் போவதும் இந்தக் கரையின் பிழைப்போடு பிறந்தவை.

நம்பிக்கை: இலங்கைக்குப் போன இந்தியத் தொழிலாளர் அங்கிருந்தோரின் வேலையைப் பறித்தனர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்மாவட்டங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். ஆள் சேர்த்தவர் கங்காணி. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி போகும் ரயில் பாதையில் உள்ள தட்டப்பாறையில் இலங்கை அரசின் முகாம் இருந்தது. அங்கே நோய்ச் சோதனை முடித்து, காத்திருந்து, கொழும்புக் கப்பலில் ஏறினார்கள். தனுஷ்கோடி–தலைமன்னார் வழி 1914இல் திறந்தபின் மண்டபம் முகாம் பெரிதாயிற்று. பயணத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த தகர வில்லை தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதை அந்த எண் சொல்லும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் பற்றில் எழுதப்படும். இலங்கைக்கு வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு அவ்வளவு திருத்தமாக இருந்ததற்குக் காரணம் இந்தச் செலவுக் கணக்குதான்.

ஆனால் திருத்தமான எண்ணும் தவறாகப் படிக்கப்படலாம். தோட்டத்தில் சில ஆண்டுகள் உழைத்து, கலியாணத்துக்கோ சாவுக்கோ ஊர் வந்து, மறுபடி கப்பலேறியவர் துறைமுக ஏட்டில் இரண்டாம் முறையும் 'வந்தவர்' ஆகிவிடுவார். வந்தவர் எண்ணிக்கையை மட்டும் மேடையில் வாசித்தால் தீவு நிரம்பி வழிவதாகத் தோன்றும். திரும்பியவர்களைக் கழித்தால் எஞ்சுவது அதைவிட மிகச் சிறிய எண்.

1930களின் உலகப் பொருளாதார மந்தம் கொழும்பில் வேலையின்மையைக் கொண்டுவந்தது. 1931இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்திருந்ததால் ஒவ்வொரு குறையும் வாக்காக மாறக்கூடியதாயிற்று. ஒரு காலத்தில் எல்லா இனத்துத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் திரட்டிய ஏ. ஈ. குணசிங்க, நகரின் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். குடியேற்றத்தை ஆராய 1936இல் சர் எட்வர்டு ஜாக்சன் நியமிக்கப்பட்டார். அவர் அறிக்கை 1938இல் வெளியானது. இந்தியத் தொழிலாளர் வருகையால் இலங்கையர் குறிப்பிடத்தக்க அளவில் வேலை இழக்கவில்லை என்பதே அதன் முடிவு. தோட்டத்தில் லயம் என்ற வரிசை வீட்டிலேயே தங்கி, நாள் முழுதும், அந்தக் கூலிக்கு உழைக்க மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தார் பெரும்பாலும் முன்வந்ததில்லை.

அந்தக் கிராமத்தாருக்குக் குறை இல்லாமலில்லை. பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாக்கிய 1840ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்தவையும் அவர்கள் புழங்கிய நிலத்தைத் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டன. நிலத்தை எடுத்தது சட்டம், வாங்கியது தோட்ட முதலாளி. கோபம் விழுந்தது கொழுந்து பறித்தவள் மேல்.

அரசே அமைத்த விசாரணை வேலை பறிபோகவில்லை என்று சொன்ன மறு ஆண்டே, 1939இல், 1934 மார்ச்சுக்குப் பின் அரசுத் துறைகளில் சேர்ந்த இந்திய நாட்கூலிகளை விலக்க இலங்கை அரசு முடிவெடுத்தது. அந்த ஜூலையில் கொழும்பு சென்ற நேருவால் முடிவை மாற்ற முடியவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடுத்தது. உண்மைக் கணக்கு வெளியானால் சண்டை தானாக ஓயும் என்பதும் ஒரு நம்பிக்கைதான். அது இங்கே பொய்த்தது.

அடுத்து நடந்தது இன்னும் கொடியது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என இரு தலைப்புகளை முதன்முதலாகப் பிரித்தது. 1946இல் இரண்டாம் தலைப்பின் கீழ் சுமார் 7.8 லட்சம் பேர் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவச் சொன்னது. லயத்தில் பிறந்தவரின் தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? குடியுரிமை கோர வழிசெய்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுமார் 8.25 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1.34 லட்சம் பேருக்கு. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்குள் பங்கிட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சமும் சரிபாதியாயிற்று. தலைமுறைகளாக ஒரு மண்ணில் உழைத்தவர்கள் கூட்டல் கழித்தலாகப் பேசப்பட்டது மன்னிக்க முடியாத செயல். பிழை எண்ணியதில் இல்லை. எண்ணிய தலைப்பையே பிறந்த நாடாக மாற்றியதில்தான் இருந்தது.

நம்பிக்கை: வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் கோடிக்கணக்கில் குடியேறிவிட்டனர்

தமிழக அரசின் தொழிலாளர் துறைக்காக 2015இல் நடந்த ஆய்வு மாநிலத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பதாக மதிப்பிட்டது. முன்னணியில் நின்றவை காஞ்சிபுரம், சென்னை, திருவள்ளூர் மாவட்டங்கள். ஏறக்குறைய அதே காலத்தில் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் நடத்திய கணிப்பு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் என்றது. வந்தவரைப் போல இரு மடங்கினர் வெளியே இருந்தார்கள். இந்த எண்கள் இப்போது பழையவை. இன்றைய எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் எவ்வளவு கூடியது என்று மேடையில் உறுதியாகச் சொல்பவர் கையில் கணக்கு ஏதும் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக நடந்தது 2011இல். அதன்படி நாட்டில் 45 கோடிப் பேர், அதாவது மக்களில் 37 விழுக்காட்டினர், இடம்பெயர்ந்தவர்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சுறுத்துவது எளிது. ஏரலில் பிறந்து திருச்செந்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணும் அந்த 45 கோடியில் ஒருவர் என்பதைச் சொன்னால் அச்சம் நிலைக்காது. இடம்பெயர்ந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் கலியாணத்தால் ஊர் மாறிய பெண்களே. மாநிலம் விட்டு மாநிலம் போனவர்கள் சிறு பகுதி.

வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரை மட்டுமே கணக்கில் கொண்டது. நண்பன் சொல்லி ரயிலேறி வந்தவன் அதன் ஏட்டில் இடம்பெறவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் அமைப்புசாராத் தொழிலாளர் எல்லாருக்குமான பதிவு. அதை வருகைக் கணக்காக வாசிப்பது தவறு. இந்த ஓட்டையின் விலை 2020இல் தெரிந்தது. கொரோனா ஊரடங்கில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சொந்த மாநிலம் திரும்பியதாக நாடாளுமன்றத்தில் சொன்ன தொழிலாளர் அமைச்சகம், வழியில் இறந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தரவு இல்லை என்றது. 2023 மார்ச்சில் அதே ஓட்டை வேறு வடிவில் திறந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் கொல்லப்படுவதாக வேறு இடங்களின், வேறு சம்பவங்களின் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. காணொளிகள் பொய்யானவை என்று உறுதியாயிற்று. அதற்குள் அஞ்சிய தொழிலாளர் பலர் ரயிலேறிவிட்டனர்.

நம்பிக்கை: வெளியாள் ஒருவர் வந்தால் உள்ளூரார் ஒருவருக்கு வேலை போகும்

ஓர் ஊரில் வேலைகளின் எண்ணிக்கை நிலையாக இருந்தால் இது சரி. அப்படி இருப்பதில்லை. வந்தவர் சாப்பிடுகிறார், வாடகை கொடுக்கிறார், அவர் உழைப்பால் ஆலை இன்னொரு ஷிப்ட் ஓடுகிறது. 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவில் இறங்கி, அவர்களில் பலர் மயாமியில் தங்கினர். உள்ளூர்க் கூலியோ வேலையோ குறிப்பிடத்தக்கபடி குறையவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் எழுதினார். பள்ளிப்படிப்பை முடிக்காதோரின் கூலி சரிந்தது என்று இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்தார். யாரை மாதிரியில் சேர்ப்பது என்பதில் அந்த விவாதம் இன்னும் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள், பீகாரில் 3. இங்கே கல்லூரி வயதினரில் கல்லூரி போவோர் பங்கு நாட்டுச் சராசரியைவிட மிக அதிகம். சுமை தூக்கவும் கம்பி கட்டவும் ஆள் தேவைப்படுவதற்குக் காரணம் இங்குதான் இருக்கிறது. எல்லாத் தொழிலிலும் அப்படியல்ல: தூத்துக்குடி உப்பளத்தில் இன்றும் உழைப்பவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும்தான்.

ஆனாலும் உள்ளூர்த் தொழிலாளியின் புகாரில் உண்மை உண்டு. அதைத் தள்ளிவிடுவது நியாயமல்ல. ஷெட்டில் தங்கவைத்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கி, பி.எஃப். இல்லாமல் கூலி கொடுக்க ஒரு காண்டிராக்டரால் முடியும்போது, சங்கம் பேசும் உள்ளூர் ஆளை அவர் வேண்டாம் என்பார். 1979ஆம் ஆண்டுச் சட்டம் இதை முன்பே எண்ணிப் பார்த்தது: ஒரே வேலைக்கு உள்ளூராருக்குக் குறையாத கூலி, இடப்பெயர்வுப் படி, பயணப்படி எல்லாம் அதில் இருந்தன. அவற்றை ஒழுங்காகக் கொடுத்தால் வெளியாளை வைப்பதில் காண்டிராக்டருக்குத் தனி லாபம் இல்லை. உள்ளூராரின் கூலியைக் காக்க, வந்தவரின் கூலியைக் காப்பதே நேர் வழி. ஒதுக்கீடு என்ற மற்ற வழி எளிதல்ல: தனியார் வேலையில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

நம்பிக்கை: வேலைவாய்ப்பு பற்றிய அரசுப் புள்ளிவிவரம் முழுப் பொய்

இந்த அவநம்பிக்கைக்கு அரசே காரணம் தந்திருக்கிறது. 2017–18 தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கை வெளிவராமல் நின்றதை ஒட்டி, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி. சி. மோகனனும் உறுப்பினர் ஜே. வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினர். நாளிதழில் கசிந்த வேலையின்மை விகிதம் 6.1 விழுக்காடு. தேர்தல் முடிந்து மே 31ஆம் தேதி அறிக்கை வந்தபோது அதில் இருந்ததும் 6.1தான். எண் பொய்யாக இல்லை. அதை மறைத்து வைத்ததுதான் குற்றம்.

பொய் என்று தோன்றுவது பெரும்பாலும் வரையறையின் வேலை. தூத்துக்குடி உப்பளத்தில் ஜனவரியில் தொடங்கி மழை வரும்வரை உப்பு வாரும் ஒரு பெண்ணை நவம்பரில் கணக்கெடுப்பாளர் சந்திப்பதாகக் கொள்ளலாம். அளம் நீரில் கிடக்கிறது. ஓராண்டைப் பார்க்கும் 'வழக்கமான நிலை'யின்படி அவர் வேலையில் இருப்பவர். ஏழு நாளைப் பார்க்கும் 'வார நிலை'யின்படி, வேலை தேடினால் வேலையற்றவர். தேடவில்லை என்றால் உழைப்பாளர் கணக்கிலேயே வரமாட்டார். அந்த வாரத்தில் ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் கூலிக்குப் போயிருந்தால் வேலையில் இருப்பவர். ஆண்டு விகிதத்தையும், 2025 மே முதல் வரும் மாத விகிதத்தையும் ஒன்றோடொன்று வைத்து வேலை பெருகியது, சரிந்தது என்று சொல்லும் கட்சிக்காரர் எவரும், எந்த அணியினராயினும், அந்தப் பெண்ணின் நவம்பரைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வேலை தேடி வந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளர் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மார்ச் உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கும் மாதம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஷெட்கள் நிரம்பியிருக்கும். வீட்டு எண் இல்லாத அந்த ஷெட்களுக்குள்ளும் கணக்கெடுப்பாளர் போய், பிறந்த இடம், கடைசியாக வசித்த இடம், இடம் மாறியதன் காரணம், எத்தனை காலமாக இருக்கிறார் என்பதைத் தொழிலாளியிடமே கேட்டு எழுதினால், 2011க்குப் பிறகு முதன்முறையாகத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருகைக் கணக்கு கிடைக்கும். காண்டிராக்டர் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டு திரும்பினால் கிடைக்காது.