விற்கும் பன்றிக்கு மீன் தீவனம் வேண்டாம்

கோட்டைப்பட்டினம் போன்ற விசைப்படகுத் துறைகளில் கிடைக்கும் கழிவு மீன், பன்றிக்கு நல்ல புரதத் தீவனம். ஆனால், விற்கும் நாள்வரை அதையே கொடுத்தால் இறைச்சியில் மீன் வாடை வீசும். கொழுப்பும் இறுகாமல் கொழகொழத்து, விரைவில் சிக்கு வாடை எடுக்கும். வாங்குபவர் விலையைக் குறைக்கத்தானே செய்வார்?

ஆடு, மாட்டின் அசையூண் வயிற்றில் நுண்ணுயிர்கள் தீவன எண்ணெயைப் பெரும்பாலும் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். பன்றிக்கு ஒற்றை வயிறு. தின்ற எண்ணெய் தன் இயல்போடே முதுகுக் கொழுப்பில் படிகிறது. எண்ணெய் எடுக்காத தவிடு, செக்குக் கடலைப் பிண்ணாக்கு மிகுந்தாலும் கொழுப்பு இளகும். குருணை, உலர்த்திய மரவள்ளி, தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியவை இறுக்கும்.

எனவே மீனை வேகவைத்து, வளரும் பருவத்தில் அளவாகக் கொடுங்கள். விற்பதற்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் நிறுத்தி, எண்ணெய் நீக்கிய பிண்ணாக்குக்கு மாறுங்கள். உப்புக் கருவாட்டுத் தூளை எப்பருவத்திலும் தவிர்க்கவும். குடிதண்ணீர் குறைந்தால் அந்த உப்பே பன்றிக்கு நஞ்சாகும்.