மனஸ்தாபம் யாருக்கு யார் மேல்?

கொங்குப் பக்கம் மனஸ்தாபம் என்றால் ஆள் இரண்டு வேண்டும். கிணற்றுப் பங்கிலோ வரப்பிலோ பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோனால், "அவங்களுக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபமுங்க" என்பார்கள். அதே காதோடு உப்பிலிபாளையம் இம்மானுவேல் ஆலயத்திலோ ஈரோடு பிரப் நினைவாலயத்திலோ உட்கார்ந்து ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளத்துக்கு முன் கடவுள் 'மனஸ்தாபப்பட்டார்' என்று வரும். கடவுளுக்கும் மனிதனுக்கும் ஏதோ சண்டை போல என்றுதான் தோன்றும்.

சண்டை அல்ல. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்தது. அவர்கள் எழுதிய மனஸ்தாபம், மனத்தின் தாபம். ஒருவர் தனக்குள்ளேயே படும் வருத்தம். சொல் பிறகு நம் வாயில் இடம் மாறிவிட்டது. 1995-இல் வந்த திருவிவிலியம் அங்கே 'மனம் வருந்தினார்' என்று போட்டுச் சிக்கலைத் தீர்த்தது.

அடுத்த நம்பிக்கை இதைவிடப் பிடிவாதமானது: அந்த எபிரேய வினைக்கே 'செய்த தப்புக்கு வருந்துதல்' என்பதுதான் பொருள், ஆகவே கடவுள் தப்பு செய்ததாக ஒப்புக்கொண்டார் என்பது. அந்த வினை 'நாஹம்'. எபிரேய வேதத்தில் 100 முறைக்கு மேல் வருகிறது. வருந்துவது அதில் ஒரு பொருள் மட்டுமே. 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனின் கோலும் தடியும் 'தேற்றும்' என்கிற இடத்தில் இருப்பதும் இதே நாஹம்தான். (அதற்கு முந்தைய வசனத்தில் ஆத்துமாவைத் தேற்றுவது மட்டும் வேறு வினை. அது 'ஷூப்', திரும்பச் செய்தல். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் விழுந்துவிட்டது.) ஏசாயா 40-இன் தொடக்கத்தில் நாஹம் இரட்டித்து வருகிறது. தமிழாக்கியவர்கள் அதை 'ஆற்றுங்கள், தேற்றுங்கள்' என்று இரண்டு வினையாகப் பிரித்தார்கள். மூலத்தின் எதிரொலி போனாலும் தமிழுக்கு ஓர் அழகான இணை கிடைத்தது. எனக்கு இதில் குறையில்லை.

ஒரே வினை வருத்தமாகவும் ஆறுதலாகவும் எப்படி இருக்கும்? தமிழனுக்கு இது புதிரே அல்ல. ஆறு–ஆற்று, தேறு–தேற்று என்று தன்வினை பிறவினை பிரிப்பது நம் பழக்கம். நாஹம் 'நிஃபால்' வடிவில் வந்தால் பெரும்பாலும் தன்வினை போல: வருந்துதல், மனம் இளகுதல், ஆறுதல் அடைதல். 'பியேல்' வடிவில் வந்தால் பிறரைத் தேற்றுதல். ஒரே வடிவத்துக்குள்ளேயே பொருள் புரள்வதும் நமக்குத் தெரிந்ததுதான். சோறு ஆறினால் குறை சொல்கிறோம், புண் ஆறினால் சந்தோஷப்படுகிறோம். யோனாவின் கதையில் நினிவே திருந்தியதும் கடவுள் தண்டனையை நிறுத்துகிற இடத்தில், 'கோபம் ஆறியது' என்பது மூலத்துக்கு நெருக்கமாகவே இருக்கும்.

இது புரிந்தால், மேடைதோறும் எழுப்பப்படும் 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரக் கேள்வியும் சுருங்கிவிடும். 11, 35 வசனங்களில் சவுலை ராஜாவாக்கியதற்காகக் கடவுள் நாஹம் கொள்கிறார். நடுவே 29-இல் அவர் நாஹம் கொள்ள மனுஷன் அல்ல என்கிறான் சாமுவேல். எழுதியவர் தூங்கிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. 29-இல் இந்த வினை பொய் சொல்வதோடு சேர்ந்து நிற்கிறது. அங்கே சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது. மற்ற இரண்டிலும் துக்கம்.

பிரசங்கங்களில் அடிபடும் இன்னொன்று: நாஹத்தின் வேர் பெருமூச்சு, ஆகவே வரும் இடமெல்லாம் பெருமூச்சு. அரபியில் மூச்சிரைப்பதைக் குறிக்கும் உறவுச்சொல் உண்டு, அதை அகராதிகளும் குறிக்கின்றன. ஆனால் வேரை வைத்து வாக்கியத்துக்குப் பொருள் சொல்லும் வழக்கத்தை விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1961-லேயே தன் நூலில் உரித்துவைத்துவிட்டார். நாற்காலி என்கிறபோதெல்லாம் நாம் காலை எண்ணுவதில்லை.

நோவா என்ற பெயரும் நாஹத்திலிருந்து வந்ததில்லை. ஆதியாகமம் 5:29 நாஹத்தை வைத்து விளக்குவது சொல் விளையாட்டு. பெயர், ஓய்வைக் குறிக்கும் 'நூவாஹ்' வினையோடு சேர்ந்தது. நாகூமும் நெகேமியாவும்தான் அசல் வாரிசுகள்.

கடைசியாக யோபு. அவரைத் துக்கம் விசாரிக்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வந்த காரணத்தைச் சொல்வதும் இதே வினைதான். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கதை முடிவில், 42:6-இல் யோபுவே நாஹம் கொள்கிறார். தமிழில் அது 'மனஸ்தாபப்படுகிறேன்'. ஆறுதல் அடைந்தார் என்று படிக்கும் அறிஞர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஐந்து வசனம் தள்ளி 42:11-இல் வழக்கே இல்லை. சொந்தபந்தம் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டு, அவரைத் தேற்றுகிறார்கள். ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன் வளையமும், மொய் வைப்பது போல.