சுவாபியக் கூட்டணி

இன்றைய ஜெர்மனியின் தென்பகுதியில் சுவாபியா என்னும் நிலப்பகுதி உள்ளது. இடைக்காலத்தில் அந்நாட்டிற்குப் பேரரசர் இருந்தார்; ஆயினும் தம் ஆணையை எங்கும் நிறைவேற்றப் போதிய படை அவரிடம் இல்லை. பகை அறிவிக்கும் மடல் ஒன்றை முன்னதாக அனுப்பிவிட்டால், வணிகரைச் சிறைபிடித்து மீட்புப்பணம் பெறுவது தம் உரிமையே எனக் குறுநிலப் பிரபுக்கள் சிலர் வாதிட்டனர். கொள்ளைக்கும் ஒரு மடல்!

1488ஆம் ஆண்டு, பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் தூண்டுதலால், எஸ்லிங்கன் நகரில் சுவாபியக் கூட்டணி உருவாயிற்று. சிற்றரசரும் பிரபுக்களும் தன்னாட்சி நகரத்தாரும் அதில் இணைந்தனர். உறுப்பினரிடையே பிணக்கு எழுந்தால் வாளை எடுத்தல் கூடாது. கூட்டணியின் நீதிமன்றத்தையே நாடவேண்டும். ஒருவர் தாக்கப்பட்டால் ஏனையோர் படையுடன் துணைவரவேண்டும்.

1523இல் வால்ட்பர்க் கியார்க் என்னும் தளபதியின் தலைமையில் கூட்டணிப் படை பிராங்கோனியாவுக்குச் சென்று, வழிப்பறிப் பிரபுக்களும் அவர்க்குத் துணைநின்றோரும் வாழ்ந்த 23 கோட்டைகளை அழித்தது. வணிகர் மகிழ்ந்திருப்பர். ஆனால் 1525இல், சுமைகள் தாங்காது கிளர்ந்தெழுந்த உழவர்மீதும் அதே தளபதி அதே படையை ஏவினார். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். உழவர் அக்கூட்டணியின் உறுப்பினர் அல்லர்.

சமயப் பிளவு வலுக்கவே, 1534இல் கூட்டணி கலைந்தது.

சிந்தித்து எழுதுக: இக்கூட்டணி காத்த அமைதி யாருடைய அமைதி?