மங்குக்கு க்ரீமா, கெமிக்கல் பீலா?

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் இருபக்கமும் ஒரே மாதிரி படரும் பழுப்புத் திட்டுதான் மங்கு. பெண்களுக்கே அதிகம் வரும். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் வெயிலும் இதைத் தூண்டும். நிறமி தோலின் மேலடுக்கில் மட்டும் இருந்தால் மருந்துக்குச் சீக்கிரம் கட்டுப்படும்; ஆழத்தில் இறங்கியிருந்தால் எந்தச் சிகிச்சையும் மெதுவாகத்தான் பலிக்கும்.

சிகிச்சையை க்ரீமில் தொடங்குவதே முறை. பலன் கூடுதலாகத் தருவது ஹைட்ரோகுவினோன் 4%, ட்ரெட்டினாயின் 0.05%, ஃப்ளூசினோலோன் 0.01% சேர்ந்த கூட்டு மருந்து. இரவில் மட்டும், திட்டின் மேல் மட்டும், வழக்கமாக 8 வாரம் பூச வேண்டும். சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஃப்ளூசினோலோன் ஒரு ஸ்டீராய்டு. முகம் பளிச்சென்று ஆவதைப் பார்த்து, அதே டியூபை மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கிப் பூசுபவர்கள் ஏராளம். நாளடைவில் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு இழைகளாகத் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கவே கூடாத மருந்து இது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினாலும் நீலம் பாய்ந்த கருமை தங்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கூட்டு மருந்து ஆகாது. மருத்துவர் ஆலோசனையுடன் அஸலாயிக் அமிலம் பூசலாம்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் போதிய மாற்றம் இல்லையென்றால், அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் கெமிக்கல் பீலைப் பற்றி யோசிக்கலாம். க்ரீமுக்கு அது மாற்று அல்ல, துணை. கிளைகோலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை செய்வார்கள். மருத்துவர் அமிலத்தைத் தூரிகையால் நெற்றியிலிருந்து பூசிக்கொண்டே கடிகாரத்தையும் தோலையும் மாறி மாறிக் கவனிப்பார். சில நிமிடங்களில் இளஞ்சிவப்பு படர்ந்ததும் சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறிப்பார். எதிர்பாராமல் வெண்மை பூத்தால் அமிலம் தேவைக்கு மேல் இறங்கிவிட்டது என்று பொருள். மாநிறத் தோலில் அப்படி வெந்த இடம், போக்க வந்த மங்கைவிடக் கறுத்துப்போகும். ஆகவே ஆழமான பீல்கள் நம் தோலுக்கு வேண்டாம். அழகு நிலையத்திலோ வீட்டிலோ அமிலத்தைத் தொடவும் வேண்டாம். முகத்தில் அக்கிக் கொப்புளம் இருப்பவர்களும் அண்மையில் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சன்ஸ்க்ரீன் கட்டாயம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வகை நல்லது. வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இதைக் கைவிட்டால், பீலில் மறைந்த மங்கும் ஒரே கோடையில் திரும்பி வரும்.