குளிர் தெரியாத ஊரிலிருந்து மலைக்கு: தங்கச்சிக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, ஹோட்டன் சமவெளியில் டென்ட் அடித்து ஓர் இரவு தங்கப்போகிறோம் என்று நீ சொன்ன நேரம் எனக்கு அங்கிருக்கிற உலக முடிவுப் பள்ளமும் நினைவுக்கு வரவில்லை, பேக்கர் நீர்வீழ்ச்சியும் வரவில்லை. என் கால்விரல்கள்தான் வந்தன. நான் முதல்தரம் அங்கே தங்கிய இரவில், ஒரு மணியோ இரண்டு மணியோ இருக்கும், விழித்துப் பார்த்தால் பத்து விரலும் என்னுடையவை போலவே இல்லை. கிள்ளினேன், தெரியவில்லை. கொண்டுபோன இரண்டு சாரத்தையும் ஒரு பெட்சீற்றையும் சுற்றிக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தேன்.

எங்கள் பெரியமடுவில் மார்கழிப் பனிக்குத் துவாயைத் தலையில் கட்டினால் போதும். அந்தக் கணக்கை மலைக்குக் கொண்டுபோகாதே. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பகலில் வெயில் எறிக்கும், வேர்க்கும், 'இதற்கா அக்கா இவ்வளவு பயங்காட்டினாள்' என்று நினைப்பாய். பொழுது பட்டதும் நிலைமை மாறிவிடும். இரவில் 5 பாகை வரை இறங்கும். பிரிட்ஜுக்குள் தண்ணீர்ப் போத்தல் இருக்கிற குளிர் அது. தை, மாசியில் அதைவிடவும் இறங்கி, விடியப்புறம் புல் நுனியில் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும்.

அங்கே போகிற அநேகம் பேர் காலை ஆறு மணிக்கு வாசலில் நின்று, ஒன்பது கிலோமீற்றர் அளவான சுற்றுப்பாதையை நடந்து முடித்து, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு ஜக்கெற் போதும். நீ தங்கப்போகிறவள். பையில் வைக்கிற ஒவ்வொரு சாமானையும் இரவை நினைத்து வை.

முதலாவது, நிலம். போர்வையைப் பற்றித்தான் எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது கீழே இருக்கிற ஈர நிலம். இரண்டு கம்பளி இருந்தால் ஒன்றைக் கீழே விரி. அதற்கும் கீழே தடித்த காட்போட் மட்டையோ, ஸ்பொஞ்ச் விரிப்போ போடு. எங்கள் பனையோலைப் பாய் மட்டும் போதாது, வெக்கையில் படுக்கத்தான் அது சரி. படுக்கைக்கென்று ஒரு சோடி உடுப்பை, காலுறை உட்பட, பொலித்தீன் அல்லாத பையில் தனியாகக் கட்டி வை. டென்டுக்குள் போகும்வரை அதைத் தொடாதே. நடந்த உடுப்பு காய்ந்ததுபோல இருந்தாலும் வேர்வை இருக்கும், பருத்தித் துணி அந்த ஈரத்தை விடவே விடாது. கம்பளித் தொப்பி, கையுறை, தடித்த காலுறை எல்லாம் மன்னாரில் தேடி அலைய வேண்டாம். நுவரெலியாக் கடைத்தெருவில் குவித்து வைத்து விற்பார்கள்.

படுக்கமுன் ஏதாவது சாப்பிடு. வயிறு காய்ந்தால் குளிர் கூடும். சுடுதண்ணீரை மூடி இறுகிய உலோகப் போத்தலில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, காலடியில் வைத்துப் படு. இரவில் ஒதுங்கப் போக வேண்டி வந்தால் அடக்கிக்கொண்டு கிடக்காதே. டோர்ச்சை எடுத்துக்கொண்டு, ஒருத்தியைத் துணைக்கு எழுப்பிக்கொண்டு போய் வா. போனையும் கம்பளிக்குள் வைத்துக்கொள், குளிரில் பற்றரி மளமளவென்று இறங்கும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதே. குளிர் தாங்காமல் கரிச்சட்டியையோ காஸ் அடுப்பையோ டென்டுக்குள் கொண்டுவராதே. அது விடுகிற காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கூட வந்தவர்களில் யாராவது விடாமல் நடுங்கினால், பேச்சுக் குழறினால், பொத்தான் பூட்டக் கை வழங்காமல் போனால் அது வெறும் குளிர் இல்லை, உடம்புச் சூடு இறங்குகிறது. ஈர உடுப்பைக் கழற்று, காய்ந்ததைப் போடு, கம்பளியால் தலையோடு மூடு, சீனி கூடப் போட்ட தேத்தண்ணீரைச் சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடு. கைகாலைப் போட்டுத் தேய்க்காதே. சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் ஆறுதல் அடையாதே, அதுதான் ஆபத்து. உடனே காவலர்களுக்குச் சொல், 1990 அம்புலன்சுக்கு எடு. சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் எங்கே நின்றால் கிடைக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வை.

இனி அனுமதி. 1988 முதல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, 2010 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிற இடம். நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க முடியாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய முகாம் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நுழைவுச்சீட்டு எடுத்தால் தங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் வாசலில் நின்று வாடுவார்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். டென்டை வாடகைக்கு எடுத்தால் ஒருதரம் முற்றத்தில் விரித்துக் கட்டிப் பார். எனக்கு ஒரு கடையில் தந்த டென்டில் மழைக்கு மேலே போடுகிற துணி இருக்கவில்லை. அது மலையில்தான் தெரிந்தது.

பயணத்துக்கு மன்னாரிலோ மடு வீதியிலோ கொழும்புக் கோச்சி ஏறி, பொல்காவலையில் இறங்கி, பதுளைப் பாதைக்கு மாறலாம். பட்டிப்பொலையிலோ ஓஹியாவிலோ இறங்கினால் அங்கிருந்து வாகனம் பிடிக்க வேண்டும். பட்டிப்பொல 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான். மலையகப் பாதையில் மண்சரிந்தால் கோச்சி நின்றுவிடும். ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே வெளிக்கிடு. தோட்டத்துச் சனத்தோடு தமிழிலேயே கதைக்கலாம், வழியும் வானிலையும் அவர்களைப்போல் யாருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் போகாதே. வைகாசி தொடங்கிக் காற்றும் மழையும் அடிக்கும். தை முதல் பங்குனி வரை நல்லது, குளிர் அப்போதுதான் கூட என்றாலும். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் கட்டின காசைப் பார்க்காதே, நின்றுவிடு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சமையலில் ஒரு விசயம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பாய், சோறு இலேசில் வேகாது. பருப்பென்றால் சொல்லத் தேவையில்லை. பாண், ரொட்டி, கட்டைச்சம்பல், எள்ளுருண்டை, அவித்த முட்டை என்று கொண்டுபோ. அடுப்பில் தேத்தண்ணீரும் சூப்பும் வைத்தால் போதும். விறகு பொறுக்காதே. புல்வெளியில் நெருப்பு மூட்டாதே, காய்ந்த காலத்தில் ஒரு பொறி போதும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது மரைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்னேரம் நான் பிஸ்கற் பக்கற்றைப் பிரித்த சத்தத்துக்கே ஒரு மரை வந்து நின்றது. மாட்டைவிட நெடுப்பமாகத் தெரிந்தது. ஈர மூக்கு, மூச்சு விட விட வெள்ளைப் புகை, கழுத்து மயிரில் பனித்துளி. கையை நீட்டினால் தொடலாம். எனக்கும் ஆசை வந்தது, ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று. கொடுக்கவில்லை. மனிதர் கையிலிருப்பதைத் தின்னப் பழகிய மரை உப்பு மணத்துக்காகப் பக்கற்றையும் சேர்த்தே விழுங்கும். செத்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் இருந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. வாசலில் பையைத் திறக்கச் சொல்லிப் பொலித்தீனை எடுப்பார்கள், போத்தலில் ஒட்டிய லேபலைக்கூட உரிப்பார்கள். கோபப்படாதே, வீட்டிலேயே உரித்துவிட்டுப் போ. சாப்பாட்டைத் தகரப் பேணிகளிலும் வாழையிலையிலும் கட்டு. மாதவிடாய் நாளென்றால் மூடி இறுகிய ஒரு பேணியைத் தனியாக வைத்துக்கொள். பாவித்ததைப் புதைக்காதே, அப்படியே திருப்பிக் கொண்டுவா. பன்றி கிளறிவிடும்.

ஓடைத் தண்ணீரில் சவர்க்காரம் போடாதே. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்றுக்கண் அந்தப் பக்கத்து மலைகளில்தான். எங்கள் கட்டுக்கரைக் குளத்துக்கு அந்தத் தண்ணீர் நேரே வருவதில்லை என்பது உண்மை. ஆனால் குளத்தை நம்பி வயல் விதைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் குளிக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

உலக முடிவுக்கு விடியவே போ. ஒன்பது, பத்து மணிக்குப் பள்ளத்திலிருந்து முகில் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டத்தட்ட 870 மீற்றர் செங்குத்தான பள்ளம். விளிம்பில் கல் ஈரமாயிருக்கும், காற்று திடீரென்று தள்ளும். படம் எடுக்கப் போய் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். விளிம்பிலிருந்து உன் உயரத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி நில். அங்கிருந்தே எல்லாம் தெரியும். தெளிந்த காலையில் தெற்கே கடலே தெரியும் என்பார்கள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை நீ, கோடாய்த் தெரிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாய்.

வெளிக்கிடும்போது டென்டின் முளைகளை எண்ணு. பன்னிரண்டு கொண்டுபோனால் பன்னிரண்டும் திரும்பி வரவேண்டும். புல்லுக்குள் விட்டுவிட்டு வந்தால் ஏதாவது ஒரு குளம்பில் ஏறும். என் கம்பளிச் சால்வை அலுமாரியின் கீழ்த்தட்டில், சாக்குக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்து வெயிலில் ஒருநாள் காயப்போட்டுவிட்டுக் கொண்டுபோ.