இரண்டு மொழிகள் கைகுலுக்கும் இடத்தைப் பிடியுங்கள்

இன்டெல், என்விடியா, ஏஎம்டி மூன்றுக்கும் தலைமையகம் சான்டா கிளாராதான். இந்த ஊரில் பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பைத்தானிலிருந்து சி லைப்ரரிக்குப் போகும் ஃபங்ஷன் கால் எந்த பைட்டில் உடைகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராகுங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம்: வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள்தான்.

1. லேஅவுட்டை மனக்கணக்காகப் போடுங்கள். சி ஸ்ட்ரக்டில் ஒரு கேரக்டர், ஒரு டபுள், மறுபடி ஒரு கேரக்டர். கூட்டினால் 10 பைட்; 64-பிட் மெஷினில் பேடிங் சேர்ந்து 24. டபுளை முதலில் வைத்தால் 16. ரஸ்ட் ஃபீல்டுகளை இடம் மாற்றி அடுக்கலாம். சி-யோடு பேச வேண்டுமானால் 'ரெப்ர் சி' போட்டே ஆகவேண்டும். இன்டர்வியூவில் ஆஃப்செட்டுகளைப் போர்டில் எழுதிக் காட்டுங்கள்.

2. காலிங் கன்வென்ஷனை பிளாட்ஃபார்மோடு சேர்த்துச் சொல்லுங்கள். 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் முதல் ஆறு இன்டிஜர் ஆர்கியுமென்டுகள் ரெஜிஸ்டர்களில் போகும், முதலாவது ஆர்டிஐ. விண்டோஸில் நான்குதான், முதலாவது ஆர்சிஎக்ஸ். அழைப்பவர் 32 பைட் ஷேடோ ஸ்பேஸும் ஒதுக்கவேண்டும். 'லாங்' லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. "பிளாட்ஃபார்மைப் பொறுத்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். விவரம் சொல்பவருக்கே ஆஃபர்.

3. பைத்தானின் சிடைப்ஸை நம்பி விடாதீர்கள். ரிட்டர்ன் டைப் சொல்லாவிட்டால் அது இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 64-பிட் பாயின்டரின் மேல் பாதி காணாமல் போகும். ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதாமல் கமிட் செய்யாதீர்கள்.

4. கிராஷ் ஆகாத பக்தான் ஆபத்து. என்விடியாவின் கூபிளாஸ் லைப்ரரி, ஃபோர்ட்ரான் வழக்கப்படி மேட்ரிக்ஸை நெடுவரிசை நெடுவரிசையாகப் படிக்கும். சி-யும் நம்பையும் வழக்கமாகக் கிடைவரிசை கிடைவரிசையாக வைக்கும். புரோகிராம் ஓடும், விடை தப்பாக வரும். ஏ பெருக்கல் பி வேண்டுமா? அளவுகளையும் அதற்கேற்ப மாற்றி, பி-யை முதலில், ஏ-யை அடுத்துக் கொடுங்கள். காப்பி இல்லாமலே சரியான விடை கிடைக்கும். இதன் காரணத்தை இரண்டு நிமிடத்தில் விளக்கத் தெரிந்தவரை ஜிபியு டீம் மறக்காது.

5. ஆதாரத்தோடு போங்கள். ஒரு சிறிய சி லைப்ரரி எழுதி, ரஸ்ட், பைத்தான் இரண்டிலிருந்தும் அழையுங்கள். ஸ்டேட்டிக் அசர்ட் வைத்து சைஸையும் ஆஃப்செட்டையும் பில்டிலேயே சோதியுங்கள். ரெஸ்யூமில் வெறும் 'எஃப்எஃப்ஐ' (வேறு மொழி ஃபங்ஷனை அழைப்பது) போதாது. பக், காரணம், தீர்வு என்று மூன்று வரி எழுதுங்கள்.

6. யாரும் தொடாத டிக்கெட்டை எடுங்கள். இரண்டு டீம்கள் "உங்கள் பக்கம்தான் தப்பு" என்று தள்ளிவிடும் பக் பெரும்பாலும் எல்லையில்தான் இருக்கும். அதை முடித்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு மேனேஜருக்கும் அனுப்புங்கள். அடுத்த ரிவ்யூவில் உங்கள் பெயரை இரண்டு பேர் சொல்வார்கள்.